‘வேதம் மட்டும்’ என்று லுத்தரன்கள் சொல்வது எந்த அர்த்தத்தில்?

லுத்தரன் சபைக்காரர் ஒருவரிடம் “உங்களுக்கும் கத்தோலிக்கருக்கும் என்ன வித்தியாசம்?” என்று கேட்டுப் பாருங்கள். “எங்களுக்கு வேதம் மட்டும்தான்” என்ற பதில் அநேகமாக முதலில் வரும். பதில் சரிதான். ஆனால் பெந்தெகொஸ்தேக்காரரும் இதையே சொல்வார், பாப்திஸ்தும் சொல்வார், ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபைக்காரரும் சொல்வார். ஒரே புத்தகத்தை எல்லாரும் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறார், இன்னொருவர் கூடவே கூடாது என்கிறார், மூன்றாமவர் சனிக்கிழமை ஆராதனை வைக்கிறார். ஆகவே அந்த முழக்கத்தை மட்டும் வைத்து லுத்தரன் நிலைப்பாட்டைப் பிடிக்க முடியாது. வேதத்துக்கு என்ன அதிகாரம், அதை எப்படி வாசிப்பது என்ற இரண்டு கேள்விகளையும் அவர்கள் சேர்த்தேதான் பார்க்கிறார்கள். வேதம் எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அதற்கேற்பத்தான் அதை வாசிக்க வேண்டும் என்பது அவர்கள் அடிப்படை. இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

லுத்தரன் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தரின் சீர்திருத்தக் கதையை, 1517-ல் அவர் வெளியிட்ட தொண்ணூற்றைந்து கருத்துரைகளிலிருந்து தொடங்குவது வழக்கம். நம்முடைய விஷயத்துக்கு அதைவிட 1519 முக்கியம். அந்த வருஷம் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் மார்ட்டின் லுத்தருக்கும் யோஹான் எக் என்ற இறையியல் பேராசிரியருக்கும் ஒரு பொது விவாதம் நடந்தது. எக் கெட்டிக்காரர். போப்பின் அதிகாரத்தை லுத்தர் கேள்வி கேட்டதும், “நீர் பேசுவது யான் ஹுஸ் பேசியது மாதிரியே இருக்கிறதே” என்று மடக்கினார். ஹுஸ் யார் என்றால், 1415-ல் கான்ஸ்டன்ஸில் கூடிய திருச்சபைச் சங்கம் மதவிரோதி என்று தீர்ப்பளித்து உயிரோடு எரிக்கப்பட்டவர். அவர் பக்கம் பேசுவதே ஆபத்து. லுத்தரோ, ஹுஸின் கருத்துகளில் பல உண்மையான கிறிஸ்தவப் போதனைகள்தான் என்று சொல்லிவிட்டார். அதாவது போப் மட்டுமல்ல, திருச்சபையின் பொதுச் சங்கமே தப்பு செய்யக்கூடும் என்றாகிவிட்டது. எக்குக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. லுத்தருக்கோ திரும்பிப் போக வழியில்லாமல் போய்விட்டது, ஏனென்றால் போப்பும் தவறலாம், சங்கமும் தவறலாம் என்றால் கடைசியில் யாரை நம்புவது என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பதிலை 1521 ஏப்ரலில் வோர்ம்ஸ் நகரத்தில் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் முன்னால் நின்று சொன்னார். வேதத்தின் சாட்சியினாலோ தெளிவான நியாயத்தினாலோ என்னை உணர்த்தினாலொழிய எழுதியதைத் திரும்பப் பெற மாட்டேன், போப்பும் சங்கங்களும் பலமுறை தவறியிருக்கிறார்கள், தங்களுக்குள்ளேயே முரண்பட்டிருக்கிறார்கள், என் மனசாட்சி தேவ வார்த்தைக்குக் கட்டுப்பட்டது என்பது அதன் சாரம். ‘என் மனசாட்சி’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, தனிமனித சுதந்தரத்தின் முதல் குரல் இது என்று பலர் எழுதுகிறார்கள். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. மனசாட்சி கட்டுப்பட்டிருக்கிறது என்றுதான் அந்த ஆள் சொன்னார். அவிழ்த்துவிடப்பட்டது என்று சொல்லவில்லை.

இன்னொன்று. வேதம் மட்டும் என்று சொன்னதும் லுத்தரன்கள் பழைய மரபையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணம், நிசேயா விசுவாசப் பிரமாணம் எல்லாம் ஆராதனையில் இன்றும் சொல்லப்படுகின்றன. ஆரம்பகாலத் திருச்சபைத் தந்தையரை, குறிப்பாக அகஸ்டீனை, லுத்தர் பக்கம் பக்கமாக மேற்கோள் காட்டுவார். அப்புறம் லுத்தரன்களுக்கென்றே விசுவாச அறிக்கைகள் உண்டு. 1530-ல் பேரரசர் முன் வாசிக்கப்பட்ட ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை அவற்றில் தலையானது. இதையும் லுத்தருடைய இரண்டு ஞானோபதேசங்களையும் (விசுவாசத்தைக் கற்பிக்கும் பாடநூல்கள்) இன்னும் சிலவற்றையும் சேர்த்து, சரியாக ஐம்பது வருஷம் கழித்து 1580-ல் ஒரே நூலாக வெளியிட்டார்கள். அதற்குப் பெயர் ஒருமைப்பாட்டு நூல்.

சரி, இவ்வளவையும் வைத்துக்கொண்டு ‘வேதம் மட்டும்’ என்றால் எப்படி? அந்த நூலிலேயே பதில் இருக்கிறது. எல்லாப் போதனையையும் உரைத்துப் பார்க்கிற ஒரே உரைகல் வேதம் என்கிறார்கள். பிரமாணங்களும் அறிக்கைகளும் அதில் உரைத்துப் பார்த்துத் தேறிய பொன். அவற்றுக்கு மதிப்பு உண்டு, ஆனால் அவையே உரைகல் ஆகிவிடாது. இதில் பின்னால் ஒரு சுவையான சண்டை வந்தது. ஒரு போதகர் குருப்பட்டம் பெறும்போது இந்த அறிக்கைகளை ஏற்பதாக வாக்குக் கொடுக்கிறார் அல்லவா, அப்போது “வேதத்தோடு ஒத்துப்போவதால் ஏற்கிறேன்” என்று சொல்ல வேண்டுமா, “வேதத்தோடு ஒத்துப்போகிற அளவுக்கு ஏற்கிறேன்” என்று சொல்ல வேண்டுமா? கேட்க ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஆனால் இரண்டாவது வாக்கியத்தை வைத்துக்கொண்டு உலகத்தில் எந்த நூலில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம். பழமைவாத லுத்தரன்கள் முதலாவதில்தான் பிடிவாதமாக நிற்கிறார்கள்.

ஒரு பக்கம் போப் என்றால், மறுபக்கம் வேறொரு தலைவலி சீக்கிரமே வந்தது. 1521 கடைசியில் லுத்தர் வார்ட்பர்க் கோட்டையில் ஒளிந்திருந்து புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த நேரம். சுவிக்காவ் ஊரிலிருந்து மூன்று பேர் விட்டன்பர்க்குக்கு வந்து, தேவன் தங்களோடு நேரடியாகப் பேசுகிறார், எழுதப்பட்ட வேதம்கூட அவ்வளவு அவசியமில்லை என்று பேச ஆரம்பித்தார்கள். அவர்கள் ஒரு பக்கம், லுத்தரின் சக பேராசிரியர் கார்ல்ஸ்டாட்டின் அவசர மாற்றங்கள் இன்னொரு பக்கம் என்று ஊரே குழம்பிப்போய், கோயில் படங்களை உடைப்பதுவரை போனது. லுத்தர் 1522 மார்ச்சில் திரும்பி வந்து எட்டு நாள் தொடர்ந்து பிரசங்கம் செய்து அடக்கினார். அதில் ஒரு இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நான் தேவ வார்த்தையைப் போதித்தேன், பிரசங்கித்தேன், எழுதினேன், வேறொன்றும் செய்யவில்லை. நான் தூங்கிக்கொண்டிருந்தபோதும், நண்பர்கள் பிலிப்போடும் ஆம்ஸ்டார்ஃபோடும் விட்டன்பர்க் பீர் குடித்துக்கொண்டிருந்தபோதும், அந்த வார்த்தையே போப் ஆட்சியைப் பலவீனப்படுத்திவிட்டது என்றார். வேடிக்கையாகத் தெரிந்தாலும் லுத்தரன் பார்வையின் முக்கியமான ஒரு அம்சம் இதில் இருக்கிறது. வேதத்தின் அதிகாரம் என்றால் ‘இதில் சட்டம் எழுதியிருக்கிறது, கீழ்ப்படி’ என்கிற அதிகாரம் மட்டுமல்ல. வாசிக்கப்படும்போதும் பிரசங்கிக்கப்படும்போதும் அது தானாகவே வேலை செய்கிறது, விசுவாசத்தை உண்டாக்குகிறது என்கிறார்கள். அதனால்தான் அவர்கள் ‘தேவ வார்த்தை’ என்று சொல்லும்போது அச்சடித்த புத்தகத்தை மட்டும் சொல்வதில்லை. முதலில் கிறிஸ்து, அப்புறம் பிரசங்கிக்கப்படுகிற வார்த்தை, எழுதப்பட்ட வேதம் எல்லாம் அதில் அடக்கம்.

ஆவியானவர் நேரடியாகப் பேசுகிறார் என்று சொன்னவர்களை, பரிசுத்த ஆவியை இறகோடு சேர்த்து விழுங்கிவிட்டவர்கள் என்று லுத்தர் கிண்டலடித்தார். 1537-ன் ஷ்மால்கால்ட் கட்டுரைகள் என்ற விசுவாச அறிக்கையில் இன்னும் ஒரு படி மேலே போய், போப்பும் இதே ரகம்தான் என்று எழுதிவிட்டார்! ஒருவர் “ஆவி என் உள்ளத்தில் சொன்னது” என்கிறார், மற்றவர் “எல்லாச் சட்டமும் என் நெஞ்சுக்குள் இருக்கிறது” என்கிறார். இரண்டுமே வெளியிலிருந்து வருகிற வார்த்தையைத் தாண்டிப் போகிற வேலை. இந்த ‘வெளியிலிருந்து’ என்பதை நன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். “நேற்று ராத்திரி கர்த்தர் எனக்கு ஒரு வார்த்தை கொடுத்தார்” என்று யாராவது ஆரம்பித்தால் லுத்தரன் ஐயர் ஒருவர் சற்று சங்கடப்படுவதற்குப் பின்னால் இந்தச் சரித்திரம் முழுவதும் இருக்கிறது.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருவோம். வேதம் எதற்காக? கிறிஸ்துவைக் கொடுப்பதற்காக. பழைய ஏற்பாட்டுக்கு 1523-ல் எழுதிய முன்னுரையில், கிறிஸ்து கிடத்தப்பட்டிருக்கிற துணிகளும் முன்னணையும் இதுதான் என்றார் லுத்தர். துணி எளிமையானது, உள்ளே இருக்கும் பொக்கிஷம் விலைமதிப்பற்றது. அவரிடம் இது வெறும் பக்திப் பேச்சாக நின்றுவிடவில்லை. இதை வைத்தே வேதப் புத்தகங்களையும் அவர் அளந்தார். 1522 புதிய ஏற்பாட்டு முன்னுரையில் யாக்கோபு நிருபத்தை, மற்றவற்றோடு ஒப்பிட்டால், ‘வைக்கோல் நிருபம்’ என்று எழுதினார். கிறிஸ்துவின் பாடுகளையும் உயிர்த்தெழுதலையும் பற்றி அதில் ஒன்றுமே இல்லையே என்பது அவருடைய குறை. கிறிஸ்துவைப் போதிக்காதது பேதுருவோ பவுலோ சொன்னாலும் அப்போஸ்தலப் போதனை ஆகாது, கிறிஸ்துவைப் பிரசங்கிப்பது யூதாஸும் அன்னாவும் பிலாத்துவும் ஏரோதும் செய்தாலும் அப்போஸ்தலப் போதனைதான் என்றும் எழுதினார். எபிரெயர், யாக்கோபு, யூதா, வெளிப்படுத்தின விசேஷம் ஆகிய நான்கையும் கடைசிக்குத் தள்ளி, பொருளடக்கத்தில் அவற்றுக்கு எண்கூடக் கொடுக்கவில்லை. ஜெர்மன் லுத்தர் பைபிளை இன்றைக்குத் திறந்தாலும் எபிரெயரும் யாக்கோபும் யோவானின் நிருபங்களுக்குப் பிறகுதான் வரும்.

“வேதம் மட்டும் என்று சொன்ன மனுஷனே வேதத்தில் கை வைத்தாரா?” என்று கேட்கத் தோன்றும். கேட்க வேண்டிய கேள்விதான். மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். அந்த வைக்கோல் வாசகம் பின்னாளைய பதிப்புகளில் இல்லை. இந்தப் புத்தகங்களைப் பற்றிய சந்தேகம் லுத்தர் கண்டுபிடித்ததும் இல்லை. நான்காம் நூற்றாண்டிலேயே திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ், சில நிருபங்கள் எல்லாராலும் ஏற்கப்படவில்லை என்று குறித்து வைத்திருக்கிறார். மூன்றாவது, லுத்தரின் தனிப்பட்ட கருத்து லுத்தரன் சபையின் போதனை ஆகிவிடவில்லை. “மனுஷன் விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான்” என்ற யாக்கோபு 2:24-ஐ எதிர்த்தரப்பு நீட்டியபோது, அவருடைய நண்பர் பிலிப் மெலாங்தன், யாக்கோபு எங்களுக்கு விரோதமாக எதுவும் சொல்லவில்லை, செத்த விசுவாசத்துக்கும் உயிருள்ள விசுவாசத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் சொல்கிறார் என்று நிதானமாக விளக்கம் எழுதினார். சபை ஏற்றுக்கொண்டது மெலாங்தன் எழுதியதை.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. வேதத்தில் எத்தனை புத்தகம் என்று பட்டியல் போட்டு லுத்தரன் அறிக்கைகள் எதுவும் சொல்லவில்லை. கத்தோலிக்கச் சபை 1546-ல் திரெந்து சங்கத்தில் பட்டியல் போட்டது, கால்வின் வழிச் சபைகளும் தங்கள் அறிக்கைகளில் போட்டன. லுத்தரன்கள் போடவில்லை. எபிரெய வேதத்தில் இல்லாத பழைய யூத நூல்களான தள்ளுபடியாகமங்களையும் லுத்தர் 1534 பைபிளில் சேர்த்தார். வேதத்துக்குச் சமமல்ல, ஆனால் வாசிக்கப் பயனுள்ளவை, நல்லவை என்று ஒரு குறிப்போடு.

இரண்டாவது கேள்வி, எப்படி வாசிப்பது. லுத்தரன் ஒருவரின் கையில் வேதம் இருந்தால் அவர் முதலில் பார்ப்பது, இந்தப் பகுதி நியாயப்பிரமாணமாகப் பேசுகிறதா, சுவிசேஷமாகப் பேசுகிறதா என்று. பழைய ஏற்பாடு நியாயப்பிரமாணம், புதிய ஏற்பாடு சுவிசேஷம் என்று பிரிப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டிலும் இரண்டும் உண்டு. தேவன் மனிதனிடம் கேட்பது நியாயப்பிரமாணம், அது நம்மைக் குற்றவாளி என்று காட்டும். தேவன் கிறிஸ்துவுக்குள் சும்மா கொடுப்பது சுவிசேஷம். இரண்டையும் குழப்பினால் இரண்டுமே கெட்டுப்போகும். லேவியராகமத்தில் கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது என்று ஒரு கட்டளை இருக்கிறது. வேலை வாங்கிவிட்டுக் கூலியை இழுத்தடிக்கிற ஒருவர் கோயிலில் வந்து உட்கார்ந்தால் அவருக்கு இந்த வசனம்தான் தேவை, “கர்த்தர் உன்னை நேசிக்கிறார்” என்று தடவிக்கொடுத்து அனுப்பக் கூடாது. மரணப் படுக்கையில் பழைய பாவத்தை நினைத்து நடுங்குகிறவரிடம் போய் “இன்னும் நன்றாக வாழ்ந்திருக்கலாமே” என்று கட்டளையை எடுத்து வாசிப்பதோ கொடுமை. அமெரிக்காவின் மிசூரி லுத்தரன் சபையை நிறுவியவர்களில் ஒருவரான வால்தர் 1880-களில் மாணவர்களுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் இதைப் பற்றியே வகுப்பெடுத்தார். ஒரு போதகருக்குக் கற்றுக்கொள்ளவே கஷ்டமான கலை இதுதான் என்பது அவர் சொன்னதன் மையம்.

இதோடு ஒட்டியது இன்னொன்று. எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்க்காதே, யாருக்கு எழுதியிருக்கிறது என்று பார். 1525-ல் மோசேயைப் பற்றி லுத்தர் ஒரு பிரசங்கம் செய்தார். அது விவசாயிகள் கிளர்ச்சி நடந்து அடங்கிய வருஷம். மோசேயின் சட்டத்தை அப்படியே நாட்டுச் சட்டமாக்க வேண்டும் என்று சிலர் பேசிக்கொண்டிருந்தார்கள். லுத்தர் சொன்னது இதுதான்: அது தேவ வார்த்தைதான், சந்தேகமில்லை, ஆனால் அது என்னிடம் சொல்லப்பட்டதா? சாக்சனி நாட்டுக்கு ஒரு சட்ட நூல் இருப்பது போல மோசேயின் சட்டம் யூத ஜனத்தின் சட்ட நூல். அதிலுள்ள கொலை செய்யாதே, களவு செய்யாதே என்பதை நான் கைக்கொள்வது மோசே சொன்னதற்காக இல்லை, தேவன் எல்லா மனுஷர் இருதயத்திலும் அதை எழுதியிருப்பதால். அப்படியானால் மோசேயை எதற்கு வாசிப்பது? கிறிஸ்துவைப் பற்றிய வாக்குத்தத்தங்களுக்காகவும், விசுவாசத்துக்கும் அவிசுவாசத்துக்கும் அங்கே கிடைக்கிற உதாரணங்களுக்காகவும்.

இதே கேள்வியைப் புதிய ஏற்பாட்டிடமும் கேட்கிறார்கள். அதைப் பார்க்க ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 28-ஆம் கட்டுரையை எடுத்துக்கொள்ளலாம். அப்போஸ்தலர் 15-ல் எருசலேமில் கூடிய அப்போஸ்தலர்கள் புறஜாதிக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்புகிறார்கள்: விக்கிரகங்களுக்குப் படைத்தவற்றுக்கும் இரத்தத்துக்கும் நெருக்குண்டு செத்ததற்கும் வேசித்தனத்துக்கும் விலகியிருங்கள். இரத்தம் சாப்பிடக் கூடாது என்று இவ்வளவு வெளிப்படையாக எழுதியிருக்கிறது. எழுதியவர்கள் சாதாரணப் பேர்வழிகளும் அல்ல. பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது என்று சொல்லியே அனுப்பினார்கள். ஆனால் ஜெர்மானியர் அன்றும் இன்றும் இரத்தத்தில் செய்த தொத்திறைச்சியை விரும்பித் தின்கிறவர்கள். (நம் ஊரில் ஆட்டு ரத்தப் பொரியலை வைத்து இதே சண்டை எத்தனை வீட்டில் நடந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.) 28-ஆம் கட்டுரை ஒளிவு மறைவில்லாமல் கேட்கிறது: அப்போஸ்தலர்கள் இரத்தத்தை விலக்கச் சொன்னார்களே, இப்போது யார் கைக்கொள்கிறார்கள்? கைக்கொள்ளாதவர்கள் பாவம் செய்யவில்லை, ஏனென்றால் அப்போஸ்தலர்கள் மனசாட்சியின்மேல் நுகத்தடி வைக்க நினைக்கவில்லை. யூதப் பின்னணியில் வந்த சகோதரருக்கு இடறல் வேண்டாம் என்று அந்தக் காலத்துக்குச் சொன்னார்கள். இந்தக் கட்டளையை வாசிக்கும்போது சுவிசேஷத்தின் நிரந்தர நோக்கத்தைக் கண்முன் வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்திரீகள் முக்காடிடுவது பற்றிப் பவுல் கொரிந்தியருக்குச் சொன்னதும் இதே வரிசையில் வருகிறது. யாருக்கும் இடறல் இல்லாத இடத்தில் ஒரு பெண் முக்காடு இல்லாமல் வெளியே போனால் பாவம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்கிறது கட்டுரை.

1530-ல் இதை எழுதியிருக்கிறார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு வாசித்தால் ஆச்சரியமாக இருக்கும். வசனத்தை அவர்கள் தள்ளிவிடவில்லை. வசனத்தின் நேர் அர்த்தத்தை மறைத்து வேறு ஏதோ ஞானார்த்தம் சொல்லவும் இல்லை. இது எதற்காகச் சொல்லப்பட்டது என்று கேட்டு, சுவிசேஷத்தின் வெளிச்சத்தில் வைத்துத் தீர்க்கிறார்கள். லுத்தரன் வேத விளக்கத்துக்கு ஒரே ஒரு மாதிரி காட்டச் சொன்னால் நான் இந்தப் பத்தியைத்தான் காட்டுவேன்.

ஓய்வுநாளும் அப்படித்தான். லுத்தரன்கள் எண்ணுகிற முறையில், பத்துக் கட்டளைகளில் அது மூன்றாம் ‘கற்பனை’. கத்தோலிக்கரும் அதே எண்ணிக்கைதான். சிஎஸ்ஐ சபையில் படித்தவர்களுக்கு அது நான்காவது, ஏனென்றால் விக்கிரகம் பற்றிய கட்டளையை அவர்கள் தனியாக எண்ணுகிறார்கள். 1529-ன் சிறிய ஞானோபதேசத்தில் இந்தக் கற்பனைக்கு லுத்தர் கொடுத்த விளக்கத்தைப் பாருங்கள்: பிரசங்கத்தையும் தேவ வார்த்தையையும் அசட்டை பண்ணாமல் அதைப் பரிசுத்தமாக எண்ணி, சந்தோஷமாகக் கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை என்றோ ஞாயிற்றுக்கிழமை என்றோ, வேலை செய்யலாமா கூடாதா என்றோ ஒரு வார்த்தை இல்லை. கிழமை யூதர்களுக்குச் சொன்னது, வார்த்தையைக் கேட்பது எல்லாருக்கும் சொன்னது.

இந்த ஞானோபதேசம் தமிழுக்கும் சீக்கிரமே வந்துவிட்டது. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பி 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு, லுத்தரின் சிறிய ஞானோபதேசத்தை மொழிபெயர்த்தார். 1708-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கி 1711-ல் முடித்தார். அது 1715-க்குள் தரங்கம்பாடியிலேயே அச்சாகி வெளிவந்தது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அது. வேதம் ஒரு கையில், ஞானோபதேசம் மறு கையில் என்பது தற்செயல் இல்லை. வேதத்தை ஜனங்கள் கையில் கொடுக்க வேண்டும், கூடவே எப்படி வாசிப்பது என்பதையும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது லுத்தரன் பழக்கம். முதலில் பத்துக் கற்பனை, பிறகு விசுவாசப் பிரமாணம், பிறகு கர்த்தருடைய ஜெபம் என்று அந்தச் சின்னப் புத்தகத்தின் வரிசையே நியாயப்பிரமாணத்திலிருந்து சுவிசேஷத்துக்குப் போகிறது.

இவ்வளவு சொன்ன பிறகு, லுத்தரன்கள் வசனத்தை வசதிக்கு வளைப்பவர்கள் போலத் தோன்றினால் அதற்கு நேர்மாறான ஒரு காட்சி இருக்கிறது. 1529 அக்டோபரில் மார்பர்க் கோட்டையில் லுத்தரும் சுவிட்சர்லாந்தின் சீர்திருத்தவாதி சுவிங்லியும் உட்கார்ந்து பேசினார்கள். 15 கட்டுரைகளில் 14-ல் ஒத்துப்போனார்கள். கடைசிக் கட்டுரையில், இராப்போசனத்தில் கிறிஸ்துவின் சரீரம் உண்மையாக இருக்கிறதா என்பதில் முட்டிக்கொண்டது. லுத்தர் சுண்ணக்கட்டியை எடுத்து மேஜைமேல் லத்தீனில் “இது என்னுடைய சரீரமாயிருக்கிறது” என்று எழுதி வைத்துக்கொண்டார். சுவிங்லி, “மாம்சமானது ஒன்றுக்கும் உதவாது” என்ற யோவான் 6:63-ஐக் காட்டினார். ஒரு சரீரம் ஒரே நேரத்தில் பரலோகத்திலும் இங்கேயும் எப்படி இருக்கும் என்றும் கேட்கப்பட்டது. லுத்தர் அசையவே இல்லை. எழுதியிருப்பதற்கு நேர் அர்த்தம் கொள்ள முடியாது என்று வேதமே காட்டினால் மாற்றிக்கொள்ளலாம், நம் புத்திக்கு எட்டவில்லை என்பதற்காக மாற்றக் கூடாது என்பது அவர் நிலை. கட்டளை என்று வந்தால் ‘இது யாருக்கு?’ என்று கேட்பவர், வாக்குத்தத்தம் என்று வந்தால் எழுத்தைவிட்டு ஒரு இம்மியும் நகர மாட்டார். முரண்பாடு மாதிரி தெரிகிறது. நான் புரிந்துகொண்ட வரையில் இரண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. வேதம் கிறிஸ்துவைக் கொடுப்பதற்காக இருக்கிறது என்றால், கொடுக்கிற வார்த்தையில்தான் கை வைக்கக் கூடாது.

நேர் அர்த்தத்தின் மேல் இந்தப் பிடிப்புக்கு வேறொரு பின்னணியும் உண்டு. இடைக்காலத்தில் ஒரு வசனத்துக்கு நான்கு அர்த்தம் சொல்வார்கள்: நேர்ப்பொருள், உருவகப்பொருள், நன்னெறிப்பொருள், பரலோக நம்பிக்கை பற்றிய பொருள். லுத்தரும் அப்படித்தான் தொடங்கினார், பிறகு இலக்கண நேர்ப்பொருளே அடித்தளம் என்று மாறினார் (உருவகத்தைப் பிரசங்கத்தில் முழுக்க விட்டார் என்று சொல்ல முடியாது, பழக்கம் லேசில் போகுமா). வேதம் தெளிவாக இருக்கிறது, தன்னைத் தானே விளக்கும், கஷ்டமான பகுதியைத் தெளிவான பகுதியை வைத்துப் புரிந்துகொள் என்றார். அக்காலத்துப் பேரறிஞர் எராஸ்மஸ் இதை ஒத்துக்கொள்ளவில்லை. வேதத்தில் இருட்டான இடங்கள் நிறைய, அங்கே திருச்சபையின் தீர்ப்புக்கு விட்டுவிடுவது நல்லது என்று 1524-ல் எழுதினார். அடுத்த வருஷம் லுத்தர் பதில் எழுதினார். சில சொற்களும் இலக்கணமும் நமக்குப் புரியாமல் போகலாம், வேதத்தின் விஷயம் இருட்டில் இல்லை, கிறிஸ்துவை வேதத்திலிருந்து எடுத்துவிட்டால் அதில் வேறென்ன மிச்சம் என்று கேட்டார்.

இந்த வாசிப்புக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பழைய ஏற்பாடு முழுவதும் கிறிஸ்துவைச் சொல்கிறது, அதைப் பார்க்க மறுக்கிறார்கள் என்ற கோபத்தில் லுத்தர் 1543-ல் யூதர்களுக்கு எதிராகக் கொடூரமாக எழுதினார், ஜெப ஆலயங்களைக் கொளுத்தச் சொல்லுமளவுக்கு. அமெரிக்க சுவிசேஷ லுத்தரன் சபை 1994-ல் அந்த எழுத்துகளை வெளிப்படையாக நிராகரித்தது.

பதினேழாம் நூற்றாண்டில் காற்று மாறியது. ஒரு பக்கம் கத்தோலிக்க அறிஞர்களின் வாதங்கள், இன்னொரு பக்கம் பகுத்தறிவின் கேள்விகள். யோஹான் கெர்ஹார்டு, குவென்ஸ்டெட் போன்ற லுத்தரன் அறிஞர்கள், வேதத்தின் ஒவ்வொரு சொல்லும் ஆவியானவர் ஏவியது, அதில் எந்தப் பிழையும் இருக்க முடியாது என்று விரிவாக நிறுவினார்கள். எபிரெய எழுத்தின் உயிர்க்குறிகள்வரை இந்த வாதம் போனது. அப்புறம் வந்த காலத்தில் ஜெர்மன் பல்கலைக்கழகங்களிலேயே, பெரும்பாலும் லுத்தரன் பேராசிரியர்கள் கையாலேயே, வேதத்தைச் சரித்திர ஆவணமாக ஆராய்கிற முறை வளர்ந்தது. ஐந்தாகமங்களை யார் எழுதியது, யோனா சரித்திரமா உவமையா என்றெல்லாம் கேள்விகள்.

இந்த இரண்டு நீரோட்டமும் அமெரிக்காவில் நேருக்கு நேர் மோதின. மிசூரி சபை 1973-ல் நியூ ஆர்லியன்ஸ் மாநாட்டில், வேதம் பிழையற்றது, அந்த ஆராய்ச்சி முறை நம் அறிக்கைகளோடு ஒத்துப்போகாது என்ற திசையில் உறுதியான முடிவெடுத்தது. 1974 தொடக்கத்தில் செயின்ட் லூயிஸ் கன்கார்டியா இறையியல் கல்லூரியின் தலைவர் டீட்ஜன் இடைநீக்கம் செய்யப்பட்டார். பிப்ரவரியில் பெரும்பாலான பேராசிரியர்களும் மாணவர்களும் கல்லூரியைவிட்டு வெளியேறி வேறு கல்லூரி தொடங்கினார்கள். வெளியேறியவர்கள், வேதத்தின் அதிகாரம் சுவிசேஷத்தில் இருக்கிறது, யோனாவை மீன் விழுங்கியதா என்பதில் இல்லை என்றார்கள். தங்கியவர்கள், இப்படிப் போனால் சுவிசேஷத்தைத் தவிர மற்றதெல்லாம் நம் விருப்பம் என்றாகிவிடும், கடைசியில் சுவிசேஷத்துக்கும் ஆதாரம் இருக்காது என்றார்கள். லுத்தர் இரு தரப்புக்கும் சாட்சி சொல்வார் என்பதுதான் இதில் சிக்கல். வைக்கோல் நிருபம் என்று எழுதியவரும் அவர்தான், சுண்ணக்கட்டியால் மேஜையில் எழுதியவரும் அவர்தான்.

இன்றைய சண்டை பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுப்பதில் தெளிவாகத் தெரியும். “சபைகளில் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள்” என்று பவுல் எழுதியது முக்காட்டைப் போல அந்தக் காலத்து ஒழுங்கு, 28-ஆம் கட்டுரை காட்டிய வழியில் வாசித்தால் தடை இல்லை என்கிறார்கள் ஒரு தரப்பினர். இது சிருஷ்டிப்பின் ஒழுங்கை ஆதாரமாகக் காட்டிச் சொன்ன அப்போஸ்தலக் கட்டளை, ரத்தத்தோடும் முக்காட்டோடும் சேர்க்க முடியாது என்கிறார்கள் மறு தரப்பினர். ஸ்வீடன் லுத்தரன் சபை 1960-லேயே பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுத்தது. மிசூரி சபை இன்றுவரை கொடுப்பதில்லை. லாட்வியாவில் முன்பு கொடுத்தார்கள், 1993-க்குப் பிறகு நிறுத்தினார்கள், 2016-ல் ஆண்களுக்கு மட்டும் என்று சபைச் சட்டத்திலேயே எழுதிக்கொண்டார்கள். இந்த விவாதம் எங்காவது காதில் விழுந்தால், வசனத்தை யார் நம்புகிறார் யார் நம்பவில்லை என்று பார்ப்பதைவிட, அந்த வசனத்தை யார் எந்த வரிசையில் வைக்கிறார்கள், ஏன் அங்கே வைக்கிறார்கள் என்று பாருங்கள். அங்கேதான் அவர்கள் பிரிகிறார்கள்.